சங்கடி உருண்டை போகும் வழி

சித்தூர்ப் பக்கம் சங்கடியை மென்று தின்பவரைப் பெரியவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். கேழ்வரகு மாவையும் அரிசிக் குருணையையும் சேர்த்துக் கிண்டி உருட்டியது அது. நெல்லிக்காய் அளவுக்குக் கிள்ளி, நாட்டுக்கோழிப் புலுசில் தோய்த்து, நாக்கில் வைத்து, பல்லில் படாமல் விழுங்கிவிட வேண்டும். மென்றால் பல்லிடுக்கில் ஈஷிக்கொள்ளும், ருசியும் கெடும் என்பது அவர்கள் கட்சி. உதட்டிலிருந்து தொண்டைக்கு அந்த உருண்டை போய்ச்சேரச் சில நொடிகள்தான். அதற்குள் அது உரசிப்போகும் தரை நான்கைந்து முறை மாறிவிடுகிறது.

வாய்க்குள் இருப்பதை ஒரே தோல் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். கண்ணாடியில் பார்த்தால் ஈரமாக, சிவப்பாக, வழவழப்பாக எல்லா இடமும் ஒன்றுபோலத்தான் தெரியும். நுண்ணோக்கியில் பார்த்தால் கன்னத்தின் உட்புறமும் மேலண்ணமும் ஒரே வாயிலிருந்து எடுத்தவை என்று நம்புவதே சிரமம். ஒரு பொருள் வாயில் என்ன செய்யும் என்பதில் பாதியைப் பொருள் தீர்மானிக்கிறது. மீதியை, அதை எங்கே வைத்தோம் என்பது தீர்மானிக்கிறது. சித்தூரிலும் திருப்பதியிலும் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம்.

முதலில் உதடு. உதட்டின் சிவந்த பகுதி வெளித்தோலும் இல்லை, உள்சவ்வும் இல்லை. இரண்டுக்கும் நடுவிலான எல்லைப்பகுதி. அங்கே மயிர்க்கால் இல்லை, வியர்வைச் சுரப்பி இல்லை, எச்சில் சுரப்பியும் இல்லை. மேலடுக்கு மெலிந்திருப்பதால் கீழே ஓடும் ரத்தத்தின் நிறம் தெரிகிறது. தனக்கென்று ஈரம் ஏதும் இல்லாததால் காய்ந்து வெடிக்கிறது. சித்தூர் மாவட்டத்தில் மாங்காய்ப் பருவம் வந்ததும் இந்த எல்லை எங்கே முடிகிறது என்பதைப் பலருடைய முகத்தில் பார்க்கலாம். மாங்கூழ் ஆலைகளுக்குப் போகும் தோத்தாபுரி, நாம் கிளிமூக்கு என்று சொல்லும் அதே காய், காம்பைக் கிள்ளியதும் பாலைப் பீய்ச்சும். அந்தப் பாலிலும் தோலிலும் இருக்கும் ரெசார்சினால் வகைப் பொருட்கள் சேராங்கொட்டையின் நஞ்சுக்கு உறவுக்காரர்கள். மாவும் சேராங்கொட்டையும் ஒரே தாவரக் குடும்பம். ஒவ்வாமை உள்ளவர் காயைத் தோலோடு கடித்தால், ஓரிரு நாள் கழித்து உதட்டிலும் கடைவாயோரத்திலும் கொப்புளம் கிளம்பும், தோல் உரியும். அதே சாறு பட்ட வாயின் உட்புறம் பெரும்பாலும் தப்பித்துவிடும். உள்ளே எச்சில் ஓயாமல் நீர்க்கச் செய்து கழுவுகிறது. மீறி உள்ளே புகுந்ததை அடர்ந்த ரத்த ஓட்டம் சீக்கிரமே அள்ளிக்கொண்டு போய்விடுகிறது.

எச்சில் என்றதும் வாய் நிறைய நீர் நிற்பதுபோல ஒரு நினைப்பு வருகிறது. உண்மையில் அது ஒரு மெல்லிய பூச்சு. கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தில் காலின்ஸ், டாஸ் என்ற இருவர் 1987-ல் வெளியிட்ட அளவீட்டின்படி, பெரியவர் ஒருவரின் வாய்க்குள் பற்களையும் சேர்த்து மொத்தப் பரப்பு சுமார் 215 சதுர சென்டிமீட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு பற்கள். எஞ்சிய இடமெல்லாம் திசு. விழுங்கி முடித்த பிறகு மிஞ்சும் எச்சில் அந்தப் பரப்பின்மேல் பரவி நிற்கும் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதில் கலந்த மியூசின் என்ற வழவழப்பான புரதம்தான் மெல்லாத சங்கடியைத் தொண்டையில் சிக்காமல் வழுக்கி அனுப்புகிறது. வாய் வறண்டவருக்குச் சங்கடி போட்டுப் பாருங்கள், பாவம், தண்ணீர் கேட்பார்.

இனி உள்ளே. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் செய்த ஒரு சோதனை இருக்கிறது. பல்குத்தும் குச்சியால் கன்னத்தின் உட்புறத்தை மெல்லச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தடவி, மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது. தட்டையான செல்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் நீலப் புள்ளியாக உட்கரு. மனித உடலின் செல் என்று முதன்முதலாக நாம் கண்ணால் பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான். ஏன் கன்னத்தில் சுரண்டச் சொல்கிறார்கள், கையில் சுரண்டினால் ஆகாதா என்று எந்த ஆசிரியரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆகாது. புறங்கையில் சுரண்டினால் வருவது உட்கரு இழந்து, கெரட்டின் என்ற கெட்டிப் புரதம் நிரம்பிச் செத்த செதில்கள். கன்னத்தின் செல் மேற்பரப்பு வரை உட்கருவோடு வந்து, அப்படியே உதிர்கிறது. உதிரும் செல்லிலும் முழு டி.என்.ஏ. இருப்பதால்தான் மரபணுச் சோதனைக்குக் கன்னத்தில் பஞ்சுக்குச்சியைத் தேய்த்து எடுக்கிறார்கள்.

இந்த வேறுபாட்டை வைத்தே வாயின் திசுவை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். கன்னம், உதட்டின் உட்புறம், நாக்கின் அடி, வாய்த்தரை, மென்னண்ணம் இவையெல்லாம் ஒரு வகை. பேச, உறிஞ்ச, கொட்டாவி விட இழுபட வேண்டிய இடங்கள். இங்கே மேலடுக்கில் கெரட்டின் ஓடு கிடையாது. அடியில் நெகிழ்வான இழைகளும் கொழுப்பும் தசையும் உண்டு. ஈறும் மேலண்ணமும் இரண்டாவது வகை. உணவு அரைபடும்போது உரசல் தாங்க வேண்டிய இடங்கள். இங்கே தோலைப்போல் கெரட்டின் ஓடு உண்டு. இழுபடவே இழுபடாமல் எலும்போடு ஒட்டிக்கிடக்கும். மூன்றாவது, நாக்கின் மேற்பரப்பு. அது தனிக்கதை.

கெரட்டின் ஓடு உள்ள இடம்தான் கனமாக இருக்கும் என்று எண்ணத் தோன்றும். நேர்மாறு. கன்னத்தின் எபிதீலியம், அதாவது மேலுறைச் செல்களின் அடுக்கு, அரை மில்லிமீட்டர் வரை கனம். கெட்டியான மேலண்ணத்தில் அதைவிடக் குறைவு. வாய்த்தரையில் மிக மெல்லியது. கன்னத்தில் பாதிகூட இல்லை. கன்னம் கனத்தால் தாங்குகிறது, அண்ணம் கெட்டியால் தாங்குகிறது, வாய்த்தரை தாங்குவதே இல்லை. நாக்கு மூடிக் காப்பதால் அதற்கு அந்த அவசியம் வந்ததில்லை.

மேலண்ணத்தின் முன்பகுதியை நாக்கு நுனியால் தடவிப் பாருங்கள். அம்மியைக் கொத்தி வைத்தாற்போல் குறுக்குக் கோடுகள் தட்டுப்படும். நாக்கு உணவை அங்கே அழுத்திப் பிடிக்க அது உதவுகிறது. சுடச்சுடச் சங்கடியை அவசரத்தில் வாயில் போட்டவருக்கு அந்த இடம்தான் வேகும். ஒட்டும் உணவு, கூடவே நாக்கின் அழுத்தம், ஒதுங்க வழியில்லாத திசு. பல் மருத்துவர் மேலண்ணத்தில் மரப்பு ஊசி போடும்போது உயிர் போகிற வலி வருவதும் இதனால்தான். கன்னத்தில் ஊசி மருந்து விரிந்து பரவ இளகிய இடம் உண்டு. அண்ணத்தில் மருந்து திசுவை எலும்பிலிருந்து பிய்த்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

ஓர் இடம் கெரட்டின் ஓடு போடுவதா வேண்டாமா என்று யார் முடிவு செய்கிறார்கள்? உரசல் பட்டுப் பட்டுக் காய்த்துப்போகிறது என்றுதான் முதலில் தோன்றும். 1975-ல் கேரிங், லாங், லோ மூவரும் குரங்குகளில் செய்த சோதனை வேறு விடை தந்தது. ஈறின் மேலடுக்கை நீக்கிவிட்டு, கீழே இருந்த இணைப்புத் திசுவை மட்டும் எடுத்து, கெரட்டின் இல்லாத மென்சவ்வுப் பகுதியில் புதைத்தார்கள். பிறகு அதைத் திறந்துவிட்டபோது சுற்றியிருந்த மென்சவ்வின் செல்கள் அதன்மேல் படர்ந்தன. படர்ந்தவை தங்கள் பிறந்த இடத்துக் குணத்தை விட்டுவிட்டுக் கெரட்டின் ஓடு போட்டன. ஆக, கட்டளை கீழேயிருந்து வருகிறது. கண்ணுக்குத் தெரிகிற மேற்பரப்பு, கண்ணுக்குத் தெரியாத அடித்திசு சொன்னபடி ஆடுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயம் முடிவதற்குள் இது ஒரு மனிதரின் வாயில் வினோதமாக வெளிப்படப் போகிறது.

ஈறைப்பற்றி இரண்டு சொல்ல வேண்டும். ஒன்று, கறுப்பு. நம்மில் பலருக்கு ஈறு முழுக்கவோ திட்டுத்திட்டாகவோ கருத்திருக்கும். நோய் அல்ல. நிறமி தயாரிக்கும் மெலனோசைட் செல்கள் எல்லா இன மக்களின் ஈறிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் உள்ளன. நம்முடையவை கூடுதலாக வேலை செய்கின்றன, அவ்வளவே. ஈறை வெளுக்க வைக்கிறேன் என்று விளம்பரம் செய்பவர்களுக்கு என் தரப்பிலிருந்து ஆதரவு இல்லை. இரண்டு, ஈறும் பல்லும் சேரும் இடம். உடம்பின் மேலுறையைக் கிழித்துக்கொண்டு ஒரு கடினப் பொருள் வெளியே நீட்டி நிற்கிற இடம் வேறெங்கும் இல்லை. நகம் தோலின் மேல் வளர்கிறதே தவிர அதைத் துளைப்பதில்லை. துளைத்த இடத்தில் நீர் கசியாமல் அடைப்பது போலப் பல்லைச் சுற்றி ஒரு மெல்லிய எபிதீலியப் பட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பட்டை நான்கைந்து நாளில் முழுதாகப் புதுப்பித்துக்கொள்ளும் வேகம் கொண்டது. கன்னத்தின் எபிதீலியம் புதுப்பிக்க ஏறக்குறைய 25 நாள். ஈறின் வெளிப்புறம் 41 முதல் 57 நாள். வெளித்தோல் இன்னும் மெதுவாக, 52 முதல் 75 நாள். நாம் ஒவ்வொரு கவளத்தோடும் நம்முடைய செல்களையே கொஞ்சம் விழுங்கிக்கொண்டிருக்கிறோம்.

உருண்டை இப்போது நாக்கின்மேல் இருக்கிறது. நாக்கின் மேற்பரப்பு சொரசொரப்பாக இருப்பதற்குக் காரணமான ஊசிமுனை மொட்டுகளில் சுவை உணர்வே கிடையாது. அவை கெரட்டின் பூண்டவை. உணவைப் பிடித்து நகர்த்துபவை. காய்ச்சலில் படுத்தால் நாக்கில் வெள்ளையாகப் படிவது, உதிராமல் நீண்டுபோன இந்த மொட்டுகளும் அவற்றில் சிக்கிய பாக்டீரியாவும்தான். சுவை அறிவது இவற்றுக்கு நடுவே சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும் காளான் வடிவ மொட்டுகள், நாக்கின் விளிம்பு மடிப்புகள், பின்னால் தலைகீழ் ‘வி’ வடிவில் நிற்கும் பத்துப் பன்னிரண்டு பெரிய மொட்டுகள் ஆகியவற்றில். புலுசின் புளிப்பும் உப்பும் அங்கே பதிவாகின்றன.

காரம் பதிவாவதில்லை. ராயலசீமைக்காரர்களிடம் இதைச் சொன்னால் கோபம் வரலாம், ஆனால் காரம் சுவை அல்ல, சூடு பற்றிய ஒரு பொய்ச் செய்தி. மிளகாயின் காப்சைசின், வலியுணரும் நரம்பு முனைகளில் உள்ள டி.ஆர்.பி.வி.1 என்ற வாசலைத் திறக்கிறது. அந்த வாசல் வழக்கமாகத் திறப்பது சுமார் 43 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு படும்போது. டேவிட் ஜூலியஸின் குழு 1997-ல் இதைக் கண்டுபிடித்தது. 2021-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்த நரம்பு முனைகள் எபிதீலியத்துக்கு உள்ளேயும் அடியிலும் இருக்கின்றன. எபிதீலியம் நல்ல கனத்தோடு இருக்கும்வரை காப்சைசின் அவற்றை அளவோடுதான் எட்டும். மெலிந்துவிட்டால்? அதற்குப் பிறகு வருகிறேன்.

உருண்டை போகாத ஓர் இடம் உண்டு. நாக்கின் அடி.

அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடைபாதையில் 3,550 படிகள். ஏறுகிறவர்களில் வயதானவர்கள் சிலருடைய சட்டைப்பையில் சார்பிட்ரேட் மாத்திரை இருக்கும். இதய நோய் உள்ளவர்கள் படியேற வேண்டாம் என்று சொன்னாலும் நேர்த்திக்கடன் கேட்பதில்லை. நெஞ்சு இறுக்கிப் பிடித்தால் அதை விழுங்கக் கூடாது, நாக்கடியில் வைக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருப்பார். அது ஐசோசார்பைடு டைநைட்ரேட் என்ற மருந்து. விழுங்கினால் குடலில் உறிஞ்சப்பட்டு நேரே ஈரலுக்குப் போகும்; ஈரல் அதில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். நாக்கடியில் வைத்தால் அங்குள்ள மெல்லிய எபிதீலியத்தைக் கடந்து அடியிலுள்ள சிரைகளில் இறங்கி, கழுத்துச் சிரை வழியாக இதயத்துக்கே போய்விடும். ஈரலைத் தொடாத குறுக்கு வழி. சில நிமிடங்களில் ரத்தக் குழாய்கள் விரியும். நாக்கின்மேல் வைத்திருந்தால் கெரட்டின் பூண்ட மொட்டுகள் வழியில் நின்றிருக்கும்.

இந்த வழியை முதலில் கண்டவர் அதை மருந்தாகக் காணவில்லை. இத்தாலியின் டூரின் நகரில் 1847-ல் நைட்ரோகிளிசரினைத் தயாரித்த அஸ்கானியோ சொப்ரேரோ, அன்றைய வேதியியலாளர்களின் வழக்கப்படி அதைக் கொஞ்சம் நாக்கில் வைத்துச் சுவைத்துப் பார்த்தார். மண்டையைப் பிளக்கும் தலைவலி வந்தது. வாய்ச்சவ்வு வழியாகவே அது ரத்தத்தில் ஏறித் தலையின் குழாய்களை விரித்துவிட்டது. 32 ஆண்டுகள் கழித்து, 1879-ல், லண்டன் மருத்துவர் வில்லியம் மரல் அதே பொருளை நெஞ்சுவலிக்குத் தரலாம் என்று எழுதினார். அதையே வெடிமருந்தாக்கி விற்றுப் பணக்காரரான ஆல்ஃபிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் மருத்துவர்கள் அதைப் பரிந்துரைத்தார்கள்.

மருந்து நுழையும் வாசலில் வேறெதுவும் நுழையும். வாய்ச்சவ்வு பொருட்களை ஊடுருவ விடும் அளவு, தோலைவிட 4 முதல் 4,000 மடங்கு வரை என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இவ்வளவு பெரிய இடைவெளிக்குக் காரணம், பொருளும் வாய்க்குள் அதன் இடமும் மாற மாற விடையும் மாறுவதுதான்.

இடத்தை மாற்றினால் என்ன ஆகும் என்பதை ஆந்திரத்தின் மறுகோடி காட்டியது. அங்கே சித்தூருக்கு அந்நியமான ஒரு பழக்கம் இருந்தது. வடகடலோரமான ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் பக்கத்துக் கிராமங்களில், குறிப்பாகப் பெண்களிடம், சுட்டா என்ற சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் வழக்கம் இருந்தது. நெருப்பு சீக்கிரம் அணையாது, சாம்பல் வெளியே விழாது, சுருட்டு நீடித்து எரியும். 1957-ல் கோவிந்த ரெட்டியும் ராவும் கடலோர ஆந்திரத்தில் அண்ணப் புற்று இவ்வளவு வருவதற்கு இந்தப் பழக்கமே காரணம் என்று எழுதினார்கள். பிறகு மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஃபாலி மேத்தாவும் கோபன்ஹேகனின் யென்ஸ் பிண்ட்போர்கும் சேர்ந்த குழு 10,169 கிராமத்தாரின் அண்ணத்தைப் பார்த்து 1971-ல் ஆய்வு வெளியிட்டது. தடித்து வெளுத்த அண்ணம், அதில் செந்நிறப் புள்ளிகளாகத் துருத்திய எச்சில் சுரப்பி வாய்கள், நிறமி அழிந்த திட்டுகள், புண்கள், சிலருக்குப் புற்று.

இதில் கவனிக்க வேண்டியது, உலகின் பிற இடங்களில் கடின அண்ணத்தில் இந்த வகைப் புற்று வருவது அரிது என்பது. கெரட்டின் ஓடு அந்த இடத்தைக் காக்கிறது. மற்றபடி புகைப்பவருக்கும் குடிப்பவருக்கும் நாக்கின் விளிம்பிலும் வாய்த்தரையிலும் வரும். கெட்ட பொருள் எச்சிலோடு கலந்து தேங்குவது அங்கேதான், அங்கே ஓடும் இல்லை. ஸ்ரீகாகுளத்துப் பெண்கள் நெருப்பையே அண்ணத்துக்கு அடியில் கொண்டுவந்து வைத்தபோது அந்தக் காவலும் உடைந்தது.

தென் ஆந்திரத்திலும் நம் ஊர்களிலும் இடம் வேறு: கீழ்க் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவிலான பள்ளம். வெற்றிலை, சீவல், புகையிலை, பாக்குப் பொட்டலம், எல்லாவற்றையும் மணிக்கணக்கில் அடக்கி வைக்கும் இடம் அதுதான். இந்தியாவில் வாய்ப்புற்று மிகுதியாக முளைப்பதும் அதே கன்னத்திலும் அந்தப் பள்ளத்திலும்தான். ஆனால் புற்றுக்கு முன்னால் வேறொன்று நடக்கிறது. அதைப் புரிந்துகொள்ள வாய் எப்படி ஆறுகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

நாக்கைக் கடித்துக்கொண்டால் மூன்று நாளில் மறந்துபோகிறோம். அதே அளவுக் காயம் முழங்காலில் பட்டால் வாரக்கணக்கில் பொருக்கு, பிறகு தழும்பு. 2018-ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள், விருப்பத்தோடு முன்வந்தவர்களின் வாயிலும் கையிலும் ஒரே மாதிரிச் சிறு காயம் ஏற்படுத்தி ஒப்பிட்டார்கள். வாயின் செல்கள் காயம் படுவதற்கு முன்பே தயார் நிலையில் இருந்தன. சாக்ஸ்2, பிட்எக்ஸ்1 போன்ற புரதங்கள் அவற்றை எப்போதும் ஆறத் தயாராக வைத்திருக்கின்றன. தோலுக்கோ ஒவ்வொரு முறையும் எழுந்து ஆயத்தமாக வேண்டியிருக்கிறது. எச்சிலில் உள்ள ஹிஸ்டாட்டின் என்ற சிறு புரதங்களும் கைகொடுக்கின்றன. இணைப்புத் திசுவில் நார் நெய்யும் செல்கள் வாயில் அளவோடு நெய்து நிறுத்திக்கொள்வதால் தழும்பு விழுவதில்லை.

தழும்பே விழாத அந்த இடத்தைத் தழும்பாக்கும் பொருள் பாக்கு. 1952-ல் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர், கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களின் வாய்ச்சவ்வு காரணம் தெரியாமல் வெளுத்து இறுகியிருப்பதைப் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு பம்பாயில் எஸ்.ஜி. ஜோஷி அதே நோயை எழுதினார். காரணம் தேடியவர்கள் முதலில் பிடித்தது யாரை என்று நினைக்கிறீர்கள்? மிளகாயை. இந்தியர்கள் காரம் தின்கிறார்கள், இந்தியர்களுக்கு நோய் வருகிறது, கணக்கு நேராகிவிட்டது. எலிகளின் அண்ணத்தில் காப்சைசினைத் தடவிக்கூடப் பார்த்தார்கள். பின்னர் எர்ணாகுளத்திலும் பாவ்நகரிலும் வீடு வீடாகச் சென்றும் நோயாளிகளை ஒப்பிட்டும் நடந்த ஆய்வுகள் மிளகாயை விடுதலை செய்து பாக்கைக் கூண்டில் ஏற்றின. 2004-ல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, புகையிலை சேராத வெறும் பாக்கையே புற்று விளைவிக்கும் பொருட்களின் முதல் பட்டியலில் வைத்தது.

பாக்கில் உள்ள அரிகோலின் என்ற பொருள் கன்னத்து எபிதீலியத்தைக் கடந்து கீழே போய் நார் செல்களைத் தூண்டுகிறது. அவை கொலாஜன் என்ற நாரை அதிகமாக நெய்கின்றன. பாக்கின் துவர்ப்புப் பொருட்கள் அந்த நாரைப் பிரித்தெடுக்கும் நொதியை முடக்குகின்றன. பாக்கில் செம்பு அதிகம். செம்பைக் கொண்டு வேலை செய்யும் லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதி நாரோடு நாரைப் பின்னிக் கெட்டியாக்குகிறது. நெய்வது கூடுகிறது, பிரிப்பது குறைகிறது, நெய்ததும் அவிழாமல் இறுகுகிறது. ரத்தக் குழாய்கள் நெருக்குண்டு போக, மேலே எபிதீலியம் மெலிகிறது.

அதனால்தான் முதல் அறிகுறி காரம். ஆவக்காயைச் சோற்றில் பிசைந்து உண்டு வளர்ந்தவர், ஒரு நாள் அதே ஊறுகாய் வாயைப் பொசுக்குகிறது என்பார். வயிற்றுச் சூடு என்று மோர் குடிப்பார். மாதங்கள் போனபின் வாய் திறப்பு குறையும். நலமான வாயில் தன்னுடைய மூன்று விரலை ஒன்றன்கீழ் ஒன்றாக, முன்பற்களுக்கு நடுவே நுழைக்க முடியும். மில்லிமீட்டர் கணக்கில் நாற்பதுக்கு அக்கம்பக்கம். நோய் முற்றியவருக்கு ஒரு விரல் போவதே பெரிது. கன்னத்தை உள்ளிருந்து தடவினால் மேலிருந்து கீழாக நாண்கள் தட்டுப்படும். எர்ணாகுளத்தில் இந்த நோயுள்ள 66 பேரை 17 ஆண்டுகள் பின்தொடர்ந்ததில் 7.6 விழுக்காட்டினருக்குப் புற்று வந்தது. பாக்கை விட்டுவிட்டால் நோய் மேலே ஏறாமல் நிற்கலாம். இறுகிய நார் தானாக இளகுவதில்லை.

உணவுப் பொருளில் நிக்கோட்டின் கூடாது என்ற 2011-ஆம் ஆண்டு விதியைக்கொண்டு மாநிலங்கள் ஒவ்வொன்றாகக் குட்காவைத் தடைசெய்தன. ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் 2013-ல் தடை வந்தது. வியாபாரம் அதற்குள் புகையிலையை ஒரு பொட்டலத்திலும் பாக்கை இன்னொன்றிலும் பிரித்துவிட்டது. வாங்குகிறவர் வாயில் சேர்த்துக்கொள்கிறார். அலிபிரிச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பீடி, சிகரெட், குட்காவைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். திருமலையில் புகையிலைக்கு அனுமதி இல்லை. மலையில் இருக்கும் ஓரிரு நாள் கன்னத்துக்கு ஓய்வு. கீழே இறங்கியதும் பேருந்து நிலையத்தில் சரம்சரமாகத் தொங்கும்.

திருப்பதியில் ஸ்விம்ஸ் என்ற ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனம் இருக்கிறது; டாட்டா அறக்கட்டளைகள் அமைத்த புற்றுநோய் மருத்துவமனை 2022 மே மாதம் திறக்கப்பட்டது. சித்தூர்க்காரர்கள் பலர் இன்றும் வேலூர் சி.எம்.சி.க்கே ரயிலேறுகிறார்கள். எங்கே போனாலும் முதல் சோதனை ஒன்றுதான்: ஒரு விளக்கு, ஒரு சிறு கண்ணாடி, உறையிட்ட விரல். உதட்டைப் புரட்டு, இரு கன்னத்தையும் இழு, ஈறுப் பள்ளத்தைப் பார், அண்ணத்தைப் பார், நாக்கைத் துணியால் பிடித்து விளிம்புகளைப் பார், கடைசியாக நாக்கைத் தூக்கித் தரையைப் பார். மருத்துவர்கூட வேண்டியதில்லை, பயிற்சி பெற்ற பணியாளர் போதும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் தொடங்கிய ஆய்வில் அப்படிப்பட்ட பணியாளர்கள்தான் வீடு வீடாக வாயைப் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005-ல் முடிவு வெளியானது.

பிந்தி வருபவர்களுக்குக் கன்னத்தை வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. வெட்டிய குழியை மூட உடம்பின் வேறிடத்திலிருந்து திசு வேண்டும். 1979 முதல் மார்புத் தசையைத் தோலோடு திருப்பிக் கொண்டுவருகிறார்கள். 1981-ல் சீன மருத்துவர்கள் எழுதியதிலிருந்து முன்கையின் தோலை ரத்தக் குழாயோடு எடுத்து, கழுத்துக் குழாய்களில் இணைத்துத் தைக்கிறார்கள். காயம் ஆறும், மூடும், எச்சிலில் நனைந்து கிடக்கும். ஆனால் அந்தத் தோலின் அடித்திசு தன்னோடு வந்திருக்கிறதே; கட்டளை அதனுடையதுதான். அது தோலாகவே இருக்கிறது. ஆண்களுக்கு மார்பிலிருந்து எடுத்தால் சில மாதங்களில் கன்னத்தின் உட்புறம் மயிர் முளைக்கும், சோறு அதில் சிக்கும், நோயாளி வாயைத் திறந்து கத்தரித்துவிடச் சொல்லிக் கேட்பார். பின்னால் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுபவர்களுக்கு மயிர்க்கால்கள் கருகி அந்தத் தொல்லை பெரும்பாலும் நின்றுவிடும். இல்லாதவர்களுக்கு லேசர் வைத்து எரிப்பதுண்டு. முடிந்தவரை அறுவை மருத்துவர்கள், வலக்கைப் பழக்கமுள்ளவரின் இடது முன்கையில், உட்புறத்தில், மயிர் குறைந்த பட்டையாகப் பார்த்து எடுக்கிறார்கள்.